செய்முறைக்குக் கடன் வாங்கியவன் சந்தோஷமாக இருந்தானா?

கேள்வி: 26 ஏப்ரல் 2025

ரிங் ரோடு பக்கம் இருந்த இடத்தை விற்றதிலிருந்து எங்கள் பெரியப்பா வீட்டு வாசலில் பத்திரிகை வைக்க வருகிறவர்களின் கார் நிற்க இடமில்லை. அதற்கு முன் அவர் பெயரையே தப்பாக அச்சடித்தவர்கள் இவர்கள். எனக்கு வயது 31. நான் புரிந்துகொண்டது இதுதான்: காசு இருந்தால் சொந்தம் தானாக வரும், சொந்தம் வந்தால் மரியாதை வரும், இரண்டும் வந்த பிறகு மகிழ்ச்சி எங்கே போய்விடும்? முதலில் சம்பாதிக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. மதுரையில் இருந்துகொண்டு இதை மறுக்க யாராவது உண்டா?

27 ஏப்ரல்

மறுக்க நான் இருக்கிறேன். வயது அறுபது. கீழ மாசி வீதியில் ஒரு பருப்பு மண்டியில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதியவன். எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று யாரோ ஒருமுறை கிளப்பிவிட்டதால், சொந்தக்காரர் விசேஷம் எதற்குப் போனாலும் மொய் நோட்டுக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். பந்தியில் சூடாகச் சாப்பிட்ட கல்யாணம் என்று ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

அந்த மேசையில் உட்கார்ந்தவனுக்கு மனிதர்கள் வேறு மாதிரித் தெரிவார்கள். நூற்றொன்று எழுதுகிறவர் குனிந்து, என் காதோடு சொல்வார். ஐயாயிரத்தொன்று எழுதுகிறவர், நான் ஊர்ப் பெயரைக் கேட்பதற்கு முன்பே, மூன்று ஆள் தள்ளி நிற்பவருக்கும் கேட்கும்படி சொல்வார். இருவரையும் நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். முதலாமவர் முகத்தில் வெட்கம், இரண்டாமவர் முகத்தில் கணக்கு. சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

தவிர, பணம் தரும் மகிழ்ச்சிக்கு எல்லை உண்டு என்று கண்டுபிடித்தே விட்டார்கள். டேனியல் கானமனும் அங்கஸ் டீட்டனும், இருவருமே நோபல் வாங்கியவர்கள், 2010இல் அமெரிக்கர்களைப் பற்றி எழுதினார்கள்: ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டிய பிறகு அன்றாட மனநிலை மேலே ஏறுவதில்லை. வழக்கு முடிந்தது.

28 ஏப்ரல்

நேற்று எழுதியதை என் மனைவி படித்துவிட்டாள். “உசிலம்பட்டிக்கு ஐம்பத்தொரு தட்டோடு போனீர்களே, அன்றைக்கு உங்கள் முகத்தை யார் பார்த்தது?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சரி, எழுதிவிடுகிறேன். 1999, வைகாசி மாதம். தங்கை பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்துக் காதணி விழா. ஒரே தாய்மாமன் நான், சீர் செய்முறை என் பொறுப்பு. மண்டியில் என் சம்பளம் அப்போது 3,200 ரூபாய். நாற்பதாயிரம் கடன் வாங்கினேன், மூன்று வட்டிக்கு. பேரையூர் ரோட்டில் மேளத்தோடு இறங்கினோம். முன்னால் வெடி, அடுத்து மாலை போட்ட கிடா, அதற்குப் பின்னால் வரிசையாகப் பெண்கள் தலையில் தட்டு: ஆப்பிள், சாத்துக்குடி, தேங்காய், லட்டு, வளையல், பட்டுப்பாவாடை. கிடா போகிற வழியிலேயே தன் சாமந்தி மாலையில் பாதியைத் தின்றுவிட்டது. வெயிலில் நாற்பது நிமிடம் நடந்திருப்போம். தங்கையின் மாமனார் அதுவரை என்னைக் ‘கணக்குப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார். அன்று மண்டப வாசலுக்கு வந்து, “வாருங்கள் தம்பி” என்று தோளில் துண்டு போர்த்தினார்.

கடனை அடைக்க 2003 ஆயிற்று. நாற்பத்தெட்டு மாத வட்டி மட்டும் 57,600 ரூபாய், அசல் தனி. மண்டியில் இப்படி ஒரு பற்று எழுதியிருந்தால் முதலாளி என்னைப் பேரேட்டோடு சேர்த்து வெளியே எறிந்திருப்பார்.

ஆனால் அந்த நாற்பது நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால், இருந்தேன். என் கல்யாணத்தில்கூட அவ்வளவு இல்லை (இதை அவள் படிக்க மாட்டாள் என்று நம்புகிறேன்). என் கட்சிக்கு எதிரான சாட்சியாக நானே நிற்கிறேன்.

30 ஏப்ரல்

ஐம்பத்தொன்று ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முந்தின வருடம் தங்கையின் ஓரகத்திக்கு அவள் அண்ணன்மார் நாற்பத்தொரு தட்டு கொண்டுவந்திருந்தார்கள். அதனால் ஐம்பத்தொன்று. அவர்கள் இருபத்தொன்றோடு நிறுத்தியிருந்தால் நான் முப்பத்தொன்றோடு நிறுத்தியிருப்பேன். கடன் பெருமளவு குறைந்திருக்கும், நாற்பது நிமிடத்தில் ஒரு நிமிடம்கூடக் குறைந்திருக்காது. இதை இருபத்தாறு வருடம் கழித்து இப்போது எழுதும்போதுதான் கண்டுபிடிக்கிறேன்.

சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே என்ற இருவர் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் கேட்டது. உனக்கு 50,000 டாலர், மற்றவர்களுக்கு 25,000. அல்லது உனக்கு 1,00,000, மற்றவர்களுக்கு 2,00,000. எது வேண்டும்? விலைவாசி இரண்டிலும் ஒன்றே. ஏறக்குறைய பாதிப் பேர் முதலாவதைக் கேட்டார்கள். அதாவது, எனக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்தவனைவிட அதிகம் இருந்தால் போதும். விடுமுறை நாளைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அப்படி இல்லை. அடுத்தவனுக்கு எத்தனை நாள் கிடைத்தால் என்ன, எனக்கு நிறைய நாள் கொடு என்றார்கள். தூக்கத்துக்கு யாரும் மொய் எழுதுவதில்லை போலிருக்கிறது.

அவர்கள் ஹார்வர்டில் கேட்டார்கள். உசிலம்பட்டியில் கேட்டிருந்தால் பாதியோடு நின்றிருக்காது.

3 மே

‘வழக்கு முடிந்தது’ என்று எழுதியது என் அவசரம். மேல்முறையீடு இருக்கிறது.

மாத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்பவர் செல்பேசி வழியாக ஆட்களை அவ்வப்போது கூப்பிட்டு, இந்த நிமிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, 75,000 டாலருக்கு மேலும் மகிழ்ச்சி ஏறிக்கொண்டேதான் போகிறது என்று 2021இல் காட்டினார். கானமன் என்ன செய்தார் தெரியுமா? எதிராளியோடு ஒரே மேசையில் உட்கார்ந்தார். பார்பரா மெல்லர்ஸ் நடுவராக இருக்க, மூவரும் சேர்ந்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு ஏறிக்கொண்டேதான் போகிறது. துயரத்தில் ஆழ்ந்திருக்கும் சிறுபான்மையினருக்கு மட்டும் 1,00,000 டாலர் அளவில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் கொட்டினாலும் அந்தத் துயரத்தைப் பணம் தொடுவதில்லை.

ஏறுவதும் இரட்டிப்புக் கணக்கில்தான். பத்தாயிரம் இருபதாயிரம் ஆகும்போது கிடைக்கிற ஒரு படி, ஒரு லட்சத்தில் இருப்பவனுக்கு இரண்டு லட்சம் ஆனால்தான் கிடைக்கும்.

ஆகவே கேட்டவருக்குப் பாதி வெற்றி. எனக்கு இதில் பிடித்தது முடிவு அல்ல, எதிராளிகள் சேர்ந்து கணக்குப் பார்த்ததுதான். எங்கள் வகையறாவில் இரண்டு பங்காளிகள் அப்படி உட்கார்ந்து, சட்டை கிழியாமல் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

4 மே

லாட்டரி அடித்தவனைக் கேளுங்கள் என்று ஒருவர். கேட்டிருக்கிறார்கள். பிலிப் பிரிக்மனும் மற்றவர்களும் 1978இல் பரிசு விழுந்தவர்களை விசாரித்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை என்று தெரிந்தது. ஊர் உலகமெல்லாம் இதை மேற்கோள் காட்டும். விசாரிக்கப்பட்டவர்கள் வெறும் 22 பேர் என்பதை யாரும் சொல்வதில்லை. ஸ்வீடனில் மிகப் பெரிய அளவில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய பரிசு வாங்கியவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி கூடியது, பத்து வருடத்துக்கு மேலும் அது நிலைத்தது என்று வந்தது. இதுவும் எனக்கு எதிர்க்கட்சிதான்.

எங்கள் மண்டியில் மூட்டை தூக்கியவர் ஒருவர் வாரம் தவறாமல் சிம்மக்கல்லில் சீட்டு வாங்குவார். ஒருநாளும் விழுந்ததில்லை. “பரிசு யாருக்கு வேண்டும்? விழுந்தால் என்ன வாங்கலாம் என்று வாரம் முழுக்க அவளும் நானும் சண்டையில்லாமல் பேசிக்கொண்டிருப்போம்” என்பார். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். குடும்பங்கள் பிழைத்தன என்பது உண்மை, எனக்குத் தெரிந்தே பலர். அவர் மட்டும் இரண்டு மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

8 மே

இன்று மீனாட்சி திருக்கல்யாணம். கூட்டத்துக்குப் பயந்து உள்ளே போகவில்லை. சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டு வந்தேன். வாழ்நாளில் மேசைக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது அபூர்வம்.

எனக்கு முன்னால் ஒரு பெண். பூ விற்கிறவர் என்று நினைக்கிறேன், விரல் நுனியெல்லாம் நார் அறுத்த கோடு. புதிதாக மாற்றிய தாலிக்கயிறு, மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. முந்தானை முடிச்சிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்துப் பெயரைச் சொன்னார். எழுதுகிறவர் ஊர் கேட்டார். “இதே ஊர்தான். பெண் வீடு” என்றார், சிரிக்காமல்.

எழுதியவரும் சிரிக்கவில்லை.

12 மே, இரவு

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். கதை எல்லோருக்கும் தெரியும்: தங்கை கல்யாணத்துக்குச் சீரோடு கிளம்பி வருகிறார், வருவதற்குள் தாலி கட்டியாயிற்று என்று தெரிகிறது, கோபத்தில் ஊருக்குள் நுழையாமல் வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார். கல்யாண வீட்டிலோ திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் நேரத்துக்கு வந்து தாரை வார்த்துக் கொடுத்து அண்ணன் கடமையை முடித்துவிடுகிறார். திருமலை நாயக்கர் காலத்தில்தான் இரண்டு விழாவும் ஒன்றாகச் சேர்ந்தன. அதற்கு முன் அழகர் இறங்கியது தேனூரில். நாயக்கர் என்ன நினைத்துச் சேர்த்தாரோ, அன்றிலிருந்து வருடம் தவறாமல் எங்கள் ஊரின் பெரிய விசேஷம், செய்முறைக்கு நேரம் தவறிய ஓர் அண்ணனின் கோபம்.

போகிற வழியில் நானூறுக்கு மேல் மண்டகப்படி. ஒவ்வொன்றும் யாரோ ஒரு குடும்பத்தின், ஒரு தெருவின் மரியாதை. சாமி இரண்டு நிமிடம் நின்றார், பக்கத்து மண்டகப்படியில் ஐந்து நிமிடம் நின்றார் என்று வருடக்கணக்கில் பேசாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

14 மே

முதலாளியைப் பற்றி எழுதாமல் முடியாது. அவர் இப்போது இல்லை, எழுதலாம்.

மூன்று மகன்கள், மூவரும் வெளிநாடு. அண்ணா நகரில் மாடி வீடு. எண்பதை நெருங்கியும் மண்டிக்கு வருவார், ஞாயிற்றுக்கிழமையும். ஞாயிறு கடை கிடையாது. கதவை ஒரு பலகை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, மூட்டையில் குத்தூசியைச் செருகித் துவரம் பருப்பை உள்ளங்கையில் சரித்து, கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வாங்க ஆளில்லை, விற்கவும் ஆளில்லை.

பாருங்கள், பணம் இருந்தும் தனிமை என்று எழுதத்தான் இந்தக் குறிப்பைத் தொடங்கினேன். எழுதும்போது அவர் சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. ஒருமுறை நானே கேட்டேன். “வீட்டில் இருந்தால் வேலைக்காரம்மா ‘தாத்தா மாத்திரை போட்டாயிற்றா’ என்கிறாள். இங்கே வந்தால் தெருவில் போகிற வண்டிக்காரன்கூட ‘முதலாளி’ என்கிறான். எதற்காக நான் வீட்டில் இருக்க வேண்டும்?” மனிதர் குறைப்படவில்லை. அந்தச் சொல்லைக் காது குளிரக் கேட்கத்தான் அவர் பஜாருக்கு வந்தார்.

அதில் விஷயம் இருக்கிறது. லண்டனில் அரசு ஊழியர்கள் சுமார் 18,000 பேரை 1967 முதல் ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள், அந்தக் கணக்கைப் பிற்பாடு எடுத்துச் சொன்னவர் மைக்கேல் மார்மட். யாரும் பட்டினி கிடப்பவரில்லை. ஆனாலும் கடைநிலையில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் மேல்மட்ட அதிகாரிகளைப்போல் மூன்று மடங்கு. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்த்தும் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியைத்தான் விளக்க முடிந்தது. படிக்கட்டில் ஒரு படி கீழே நிற்பவர் மேலே நிற்பவரைவிடச் சீக்கிரம் போய்விடுகிறார். அதிகாரிக்குத்தான் இதயம் வெடிக்கும் என்று நம்பியிருந்தேன். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவருக்குத்தான் முதலில்.

15 மே

உறவு பக்கம் சாட்சியே இல்லையா என்று கேலி வேண்டாம். ஹார்வர்டில் 1938இல் தொடங்கிய ஆய்வு இன்னும் நடக்கிறது. 268 கல்லூரி மாணவர்கள், பிறகு பாஸ்டனின் ஏழைப் பகுதிப் பையன்கள் 456 பேர், ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். பின்னாளில் ஜனாதிபதியான கென்னடியும் அந்த மாணவர்களில் ஒருவர். ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவாக இருந்தவர்களே எண்பதில் ஆரோக்கியமாக இருந்தார்கள், கொழுப்பு அளவைவிட அது நன்றாகக் கணித்தது என்கிறார் இப்போதைய இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர்.

இதை வைத்தே 27ஆம் தேதி வாதத்தை முடித்திருக்கலாம். ஆனால் எடுத்தது அத்தனையும் ஆண்கள். மனைவிமாரைப் பல காலம் கழித்துத்தான் சேர்த்தார்கள். உறவால் நிம்மதி அடைந்தவர்களிடம் கேட்டார்கள், அந்த உறவைக் கட்டிக் காத்தவர்களிடம் கேட்கத் தாமதித்தார்கள். எனக்கு இது ஏன் உறுத்துகிறது என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

18 மே

ஒருவர் காரமாகக் கேட்டிருக்கிறார்: அந்தஸ்து என்றால் உங்களுக்குத் தட்டும் துண்டும்தானா? நியாயம்.

நான் கிடாவோடு ஊர்வலம் போன அதே உசிலம்பட்டி வட்டாரத்தில்தான் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும். ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, 1996 முதல் பத்து ஆண்டுகள் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடக்க விடவில்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது. நான் பெருமையாக நடந்த 1999 அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் வருகிறது. அன்று எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. மீனாட்சி கோயிலுக்குள்ளேயே எல்லோரும் போக முடிந்தது 1939 ஜூலை 8க்குப் பிறகுதானே.

நான் எழுதிய மொய் நோட்டுகளில் எங்கள் தெருவில் சாக்கடை அள்ளியவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. அவருக்குப் பத்திரிகை வைத்ததில்லை. பந்தியெல்லாம் முடிந்த பிறகு மண்டபத்தின் பின்பக்கம் தூக்குவாளியோடு நிற்பார். மேசையிலிருந்து பார்த்தால் தெரியும். பார்த்துக்கொண்டே அடுத்த பெயரை எழுதியிருக்கிறேன்.

19 மே

‘பட்டிமன்றம் வைத்துவிடலாம்’ என்பவருக்கு: வேண்டாம். நடுவர் கடைசியில் இரண்டு பக்கமும் சரி என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையோடு போய்விடுவார்.

25 மே

ஏப்ரல் 28ஆம் தேதிக் குறிப்பில் ஒன்றை மறைத்துவிட்டேன். கணக்கு எழுதுகிறவன் செய்யக்கூடாத வேலை.

ஐம்பத்தொரு தட்டும் என்னுடையவை அல்ல. விழாவுக்கு ஒரு வாரம் முன்பு தங்கை மண்டிக்கு வந்தாள். வீட்டுக்கு வராமல் மண்டிக்கு வந்ததிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மிளகாய் மூட்டைக்குப் பின்னால் நின்று, கைக்குட்டையில் சுருட்டிய ஏழாயிரம் ரூபாயைக் கையில் திணித்தாள். தன் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்த பணம். “தட்டு குறைந்துவிடக்கூடாது அண்ணே. உனக்காக இல்லை, எனக்காக” என்றாள். தும்மிக்கொண்டே சொன்னாள்.

விழாவன்று அவள் கழுத்தில் கவரிங் சங்கிலி. ஆரத்தி எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன். வியர்வையில் கழுத்து மடிப்பில் பச்சைக் கறை. நான் துண்டு போர்த்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். புகைப்படம்கூட இருக்கிறது.

அந்தச் சங்கிலியைத் திருப்ப முடியவில்லை. மூழ்கிவிட்டது. என் கடனின் வட்டியை மாதம் மாதம் எழுதி வைத்திருக்கிறேன், அவளுடையதை எங்கேயும் எழுதவில்லை.

போன வாரம் அவளிடமே கேட்டேன், வருத்தமா என்று. அந்த நாளுக்குப் பிறகுதான் அந்த வீட்டில் தன் பேச்சுக்குக் காது கிடைத்தது, பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னபோது மாமனார் எதிர்த்துப் பேசவில்லை என்றாள். “அதோடு ஒப்பிட்டால் சங்கிலி என்ன விலை” என்று கேட்டுவிட்டு, பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்டதே என்று அவளே பெருமூச்சும் விட்டாள்.

எனவே அந்த நாற்பது நிமிடம் என் சந்தோஷமா, அவள் வாங்கிக் கொடுத்ததா என்று இப்போது எனக்குத் தெளிவில்லை. மேலே எழுதியதை அழிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

7 ஜூன்

கொஞ்சம் சிரிக்கலாம். உலக அளவில் மகிழ்ச்சியை அளக்க ஹாட்லி காண்ட்ரில் என்பவர் வகுத்த ஏணிக் கேள்வியைத்தான் கேட்கிறார்களாம்: பூஜ்யம் முதல் பத்து வரை படி உள்ள ஓர் ஏணி, பத்து உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை, பூஜ்யம் மிக மோசம், இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? சிம்மக்கல் டீக்கடையில் வழக்கமாகக் கூடும் நாலு பேரிடம் கேட்டேன்.

முதல் ஆள் ஏழு என்றார். இரண்டாவது ஆள் எட்டு என்றார். உடனே முதல் ஆள், “அப்படியானால் எனக்கும் எட்டு போட்டுக்கொள்” என்றார். மூன்றாமவர், ஏணி யாருடையது என்று கேட்டார். நாலாமவர் பேசவே இல்லை. அவருக்குப் போன மாசிதான் மனைவி தவறினார். டீக்காசை அவர்தான் கொடுத்தார், யாரையும் விடவில்லை.

15 ஜூன்

1999இல் காது குத்திய பிள்ளைகளில் மூத்தவளுக்கு இப்போது ஒரு பெண். ஆவணியில் காதணி விழா. இளையவன்தான் இனித் தாய்மாமன். ஓசூரில் வேலை, ஏறக்குறைய கேள்வி கேட்டவரின் வயது. போன மாதம் என்னிடம் தெளிவாகச் சொன்னான்: தட்டு, கிடா, மேளம் ஒன்றும் கிடையாது மாமா, அக்காவின் கணக்கில் பணத்தைப் போட்டுவிடுகிறேன், மதுரையிலேயே 2021இல் பத்திரிகையில் கியூஆர் கோடு அச்சடித்துக் கல்யாணம் நடத்திவிட்டார்களே என்றான். எனக்கும் அது சரி என்றே பட்டது. பையன் பிழைத்துக்கொள்வான் என்று மனைவியிடமும் சொன்னேன்.

நேற்றுத் தங்கை வந்தாள். இந்தத் தடவை வீட்டுக்கே வந்தாள். மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து வைத்தாள். பழக்கதோஷம், இரண்டு தடவை எண்ணினேன்: ஐந்நூறு ரூபாய்த் தாள் நாற்பது. “நீ கொடுப்பதாகச் சொல்லி அவனிடம் கொடு. நான் கொடுத்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதே அண்ணே.” கழுத்தைப் பார்த்தேன். சங்கிலி இருந்தது. தங்கமா கவரிங்கா என்று கேட்க வாய் வரவில்லை.

இரவு அவனைக் கூப்பிட்டு, மாமா பங்காக இருபதாயிரம் தருகிறேன், நீ எப்படி விரும்புகிறாயோ அப்படிச் செய் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றான். செலவெல்லாம் வீண் என்று பத்து நிமிடம் எனக்கே விளக்கினான். நானும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். போனை வைக்கிற நேரத்தில் கேட்டான்.

“மாமா, போன வருடம் அக்காவின் ஓரகத்தி வீட்டு விசேஷத்துக்கு எத்தனை தட்டு வந்தது?”

முப்பத்தொன்று என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.